பழைய தீயணைப்புக் கருவியை எங்கே போடுவது?

மாணவர்களே, சூழல் மாசடைதல் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால் உங்களில் பெரும்பாலானோர் பொலித்தீனில் தொடங்கிப் பொலித்தீனிலேயே முடிக்கிறீர்கள். மாதிரி வினாத்தாள் திருத்தும் எனக்கு அது அலுத்துவிட்டது. ஆகவே யாரும் எழுதாத ஒரு கழிவுப்பொருளைப் பற்றி இங்கே என் கருத்தைச் சொல்கிறேன். பாடசாலை விறாந்தையிலும் கடைகளிலும் தொங்குகின்ற தீயணைப்புக் கருவியே அது.

நான் கற்பிக்கும் கல்வி நிலையத்தில் கறுப்பு நிறச் சிலிண்டர் ஒன்று நெடுங்காலமாகக் கதவுக்கு முண்டு கொடுத்து நின்றது. காலாவதியானதுதானே, உள்ளே ஒன்றும் இராது என்று நினைத்திருந்தேன். பழைய இரும்பு வாங்குபவரிடம் கொடுக்கவும் இருந்தேன். புதிய கருவிகளைப் பரிசோதிக்க வந்தவர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "சேர், உது வெறுமையில்லை. பாரத்தைப் பாருங்கோ" என்றார். தராசில் வைத்தபோது, சிலிண்டரில் பொறிக்கப்பட்டிருந்த வெற்று நிறையிலும் ஏறக்குறைய 4 கிலோகிராம் கூடுதலாக இருந்தது.

அது காபனீரொட்சைட்டுக் கருவி. அவ்வகையில் அமுக்கமானி பொதுவாக இருப்பதில்லை, நிறுத்துத்தான் அறியவேண்டும். உள்ளே வாயு திரவமாக அடைபட்டிருக்கும். 20 பாகை செல்சியசில் அதன் அமுக்கம் வளிமண்டல அமுக்கத்தைப் போல் 50 மடங்கிற்கும் அதிகம். வெப்பம் கூடக்கூட அதுவும் ஏறும். இதை அறியாமல் இரும்புக் கடைத் தொழிலாளி ஒருவர் காஸ் கட்டரை வைத்தால் என்ன நடக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். உலர்தூள் கருவியில் முள் பூச்சியத்தில் நின்றாலும் நம்பக்கூடாது. முள் பழுதாகியிருக்கலாம், தூள் கட்டிபட்டு வழியை அடைத்திருக்கவும் கூடும்.

"வெளியே கொண்டுபோய்த் திறந்துவிட்டால் முடிந்துவிடுமே" என்று சிலர் கேட்பார்கள். காபனீரொட்சைட்டைப் பழக்கமுள்ள ஒருவர் திறந்த வெளியில் அவ்வாறு விடலாம். மூடிய அறையில் விட்டால் மூச்சுத் திணறும். வெளிவரும் குளிர்ச்சி தோலையும் கருக்கிவிடும். ஆனால் எல்லாக் கருவிகளுக்கும் இந்த விடை பொருந்தாது. முன்னர் பச்சை நிறத்தில் வந்த ஹேலன் கருவிகளில் புரோமின் சேர்ந்த வாயு உண்டு. அது ஓசோன் படையைச் சிதைப்பது. 1987 இல் உருவான மொன்றியல் உடன்படிக்கையில் இலங்கை 1989 இல் இணைந்தது. அந்த உடன்படிக்கையின்படி ஹேலன் உற்பத்தி நிறுத்தப்பட்டுவிட்டபோதிலும் பழைய சிலிண்டர்களில் உள்ளது அப்படியேதான் இருக்கிறது. அதைச் சேகரித்துச் சுத்திகரிக்க வேண்டுமே தவிரக் காற்றில் விடக்கூடாது.

நுரைக் கருவிகள்தான் எனக்கு அதிக கவலை தருபவை. பழைய நுரைகள் பலவற்றில் புளோரின் சேர்ந்த, இலகுவில் சிதையாத இரசாயனங்கள் உள்ளன. அவற்றுள் ஒரு வகையை ஸ்ரொக்ஹோம் சமவாயம் 2009 இல் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்தில் ஊற்றுவது கிணற்றில் ஊற்றுவதற்குச் சமன். தூளையும் 'அமோனியம் பொசுபேற்று' என்ற பெயரைக் கண்டு பசளையென்று தோட்டத்தில் கொட்டிவிடாதீர்கள். ஈரம் பிடிக்காதிருக்க அதற்குச் சிலிக்கோன் பூசப்பட்டிருக்கும். (நான் கலைப்பட்டதாரி, இவற்றை உங்கள் விஞ்ஞான ஆசிரியரிடமும் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.)

இனி என் கருத்துக்கு வருகிறேன். கருவியை விற்பவரே பழையதைத் திருப்பி எடுக்கவேண்டும். அமுக்கத்தை அகற்றவும் தூளையும் நுரையையும் வேறாக்கவும் சாதனங்கள் மீள்நிரப்பும் நிறுவனங்களிடமே உண்டு. அதிபரிடமோ கடை முதலாளியிடமோ இல்லை. செலவு கூடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். கூடத்தான் செய்யும். ஆனால் இன்று அந்தச் செலவைச் செலுத்துபவர் யார்? அக்கருவியால் ஒருநாளும் பயன்பெறாத இரும்புக் கடைத் தொழிலாளி, தன் கையையும் கண்ணையும் பணயம் வைத்துச் செலுத்துகிறார். பாடசாலைகளின் பொருட்கணக்கெடுப்பிலும் இவற்றை உடைந்த கதிரை மேசைகளோடு ஒரே குவியலாக ஏலத்தில் விடக்கூடாது. வால்வு கழற்றப்பட்டு, உள்ளே வெறுமை என்று கண்ணால் கண்ட பின்னரே அது இரும்பாகும்.

எங்கள் கறுப்புச் சிலிண்டரை அந்தப் பரிசோதகரே கொண்டுபோனார். கூலி கேட்டார், கொடுத்தேன். கதவுக்கு இப்போது ஒரு கல் வைத்திருக்கிறோம்.