சிறுகடை பெரிதாக என்ன தடை?

தமிழ்நாட்டுக் கடைத்தெருக்களில் ஒரு மளிகைக் கடையோ துணிக் கடையோ தொடங்குவது அத்தனை கடினமல்ல. நூறு சதுர அடி இடம், உறவினரிடம் புரட்டிய முதல், தெரிந்த மொத்த வியாபாரி கடனுக்குப் போடும் சரக்கு இருந்தால் போதும். அந்தக் கடை பக்கத்துக் கடையையும் எடுத்து விரிவதும், அடுத்த ஊரில் கிளை திறப்பதும்தான் அரிது. இருபது ஆண்டுகள் நாணயமாக நடந்த கடைகள்கூடத் தொடங்கிய அளவிலேயே நிற்கின்றன. சிறு வணிகருக்கான அரசு உதவிகளில் பெரும்பகுதி அவரை விழாமல் தாங்குவதற்கானது. 1989இல் அமைந்த தமிழ்நாடு வணிகர் நல வாரியம், உறுப்பினர் இறந்தால் குடும்பத்துக்கு உதவுகிறது, மருத்துவத்துக்கும் கைகொடுக்கிறது. அவசியமான பணி அது. ஆனால் நன்றாக நடக்கும் கடை மேலே வர முயலும்போது அதைத் தூக்கிவிட ஆளில்லை.

வரியிலிருந்து தொடங்கலாம். பொருள் விற்பவரின் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். கேட்பதற்குப் பெரிய தொகை. நாள் கணக்கில் பார்த்தால் சுமார் 11,000 ரூபாய் விற்பனை, அவ்வளவுதான். வரி இல்லாத பொருள்களின் விற்பனையும் இந்தக் கணக்கில் சேரும் என்பதால், மளிகைக் கடை இந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். ஒன்றரைக் கோடி வரை விற்பவர்களுக்கு காம்போசிஷன் முறை இருக்கிறது. விற்பனையில் 1 சதவீதம் வரி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும். இந்த எளிமைக்கு விலையும் உண்டு. கொள்முதலில் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. 2023 செப்டம்பர் வரை இம்முறையில் இருப்பவர்கள் இணையச் சந்தைகளில் பொருள் விற்கவே வழியில்லாமல் இருந்தது. அக்டோபர் 1 முதல் மாநிலத்துக்குள் மட்டும் அனுமதி கிடைத்தது. காஞ்சிபுரத்தில் இம்முறையில் சேலைக் கடை நடத்துபவர் பெங்களூரு வாடிக்கையாளருக்கு ஒரு சேலை அனுப்ப விரும்பினாலும் வழக்கமான ஜிஎஸ்டிக்கு மாறியாக வேண்டும். அதோடு விரிவான கணக்குகளும் கணக்காளர் கட்டணமும் வந்து சேரும்.

எல்லைக் கோடு தரும் அச்சம் எவ்வளவு என்பதை 2025 ஜூலையில் கர்நாடகம் காட்டியது. யுபிஐ வரவுகளை வைத்து வணிகவரித் துறை சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்ப, பெங்களூருவில் பல கடைகள் ‘யுபிஐ இல்லை, ரொக்கம் மட்டும்’ என்று அட்டை மாட்டின. வரி ஏய்ப்புக்கு யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை. ஆனால் விற்பனை கூடியதை மறைக்கும் கடைக்காரர் அதே விற்பனையைக் காட்டி வங்கியில் கடன் கேட்க முடியாது. எல்லையைத் தாண்டும் முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பழைய பாக்கியோ அபராதமோ இல்லாமல், கணக்கு எழுதவும் உதவி கொடுத்தால் அரசுக்குப் பெரிய இழப்பு வராது. நிரந்தரமாக வரி கட்டும் ஒரு கடை கிடைக்கும்.

வங்கிக்குப் போக முடியாதவர் தண்டலுக்குப் போகிறார். 10,000 ரூபாய்க்குக் கையெழுத்து, கையில் கிடைப்பது 8,500, தினம் 100 ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். அசல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துப் பார்த்தால், ஆண்டு வட்டி நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. இருந்தும் தண்டல்காரரிடம் ஆள் போகக் காரணம், கேட்ட அன்றே பணம் கிடைக்கிறது. அன்றாட வசூலிலிருந்தே கட்டிவிடலாம். வங்கிக் கடனில் இந்த இரண்டும் இல்லை. 2015இல் வந்த முத்ரா திட்டம் பிணையில்லாமல் 10 லட்சம் வரை தந்தது. அதை ஒழுங்காக அடைத்தவர்களுக்கு 2024 முதல் 20 லட்சம் வரை கிடைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனாலும் கடைக்கு வேண்டியது பெரும்பாலும் பருவக் கடன். தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்பு சரக்கெடுக்கப் பணம் வேண்டும். பண்டிகை முடிந்ததும் திருப்பிவிடலாம். மாதத் தவணைக் கடன் இந்த ஓட்டத்துக்குப் பொருந்தாது. விற்பனைப் பதிவை வைத்து, வேண்டும்போது எடுத்துக் கட்டிக்கொள்ளும் ஓவர்டிராஃப்ட் வசதியே பொருந்தும்.

2021 ஜூலையில் சில்லறை, மொத்த வணிகர்களும் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு பெறலாம் என்று ஒன்றிய அரசு அறிவித்தது. ஆனால் முன்னுரிமைக் கடன் என்ற ஒரு பயன் மட்டுமே அவர்களுக்கு. சிறு உற்பத்தியாளர் விற்ற சரக்குக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற பாதுகாப்பு வணிகருக்குக் கிடையாது. பள்ளிக்கும் விடுதிக்கும் பொருள் போட்டுவிட்டு பாக்கிக்காக நடையாய் நடக்கும் கடைக்காரருக்கு இது பெரிய குறை.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தடை வாடகை. கடைத்தெருவில் பெரும்பாலும் 11 மாத ஒப்பந்தம்தான். 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி ஓராண்டுக்குக் குறைந்த குத்தகையைப் பதிவு செய்யத் தேவையில்லை என்பதிலிருந்து வந்த பழக்கம் இது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், எல்லா வாடகை ஒப்பந்தத்தையும் எழுதிப் பதிவு செய்யச் சொல்கிறது. பதிவானாலும் காலம் நீளவில்லை. 11 மாதத்துக்குப் பிறகு இடம் இருக்குமா என்று தெரியாதவர் அலமாரிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் ஏசிக்கும் பணம் போடத் தயங்குவது இயல்பு. கடை சூடுபிடித்தால் வாடகையும் ஏறும். பேர் வாங்கியது கடைக்காரர், பலன் இடத்துக்காரருக்கு. ஐந்தாண்டுக் காலமும் ஆண்டு உயர்வு விகிதமும் முன்கூட்டியே எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வையில் சலுகை கொடுத்தால் இருதரப்பும் முன்வரும். உள்ளாட்சிகளின் வணிக வளாகங்கள் முன்மாதிரியாக இருக்கலாம். அங்கே ஏலத்தில் எடுத்தவர் உள்வாடகைக்கு விட்டுச் சம்பாதிப்பதைத் தடுத்து, கடை நடத்துபவர் பெயரிலேயே குத்தகை இருக்கச் செய்ய வேண்டும்.

கொள்முதல் விலை, வணிகர்கள் தாங்களே கையிலெடுக்க வேண்டியது. பேரங்காடி லாரி லாரியாக வாங்குகிறது, சிறுகடை பெட்டி பெட்டியாக வாங்குகிறது. விலை வித்தியாசம் அங்கேயே விழுந்துவிடுகிறது. 1898இல் பெர்லின் மளிகை வியாபாரிகள் ஒன்றாகச் சரக்கெடுக்க ஒரு கூட்டுறவு தொடங்கினார்கள். அதிலிருந்து வளர்ந்த எடேகா இன்று ஜெர்மனியின் மிகப்பெரிய உணவுப்பொருள் விற்பனை அமைப்பு. அதன் கடைகளில் பெரும்பாலானவற்றைத் தனி வணிகர்களே நடத்துகிறார்கள். கூட்டுறவில் நீண்ட அனுபவமுள்ள தமிழ்நாட்டில் கடைக்காரர்களுக்கான கொள்முதல் சங்கம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வர வேண்டும். கூட்டாகக் குரல் கொடுக்க வணிகர் சங்கங்களுக்குத் தெரியும். 2017 மார்ச்சில் பெப்சி, கோக் விற்பனையை நிறுத்தி அதைக் காட்டினார்கள். அதே ஒற்றுமை வாங்குவதிலும் வேண்டும்.

ஒவ்வோராண்டும் மே 5 வணிகர் தினத்தன்று மாநாடுகளில் கோரிக்கைகள் வைக்கப்படுகின்றன. ஐந்தாண்டு வாடகைப் பாதுகாப்பும் பருவக் கடனும் அந்தப் பட்டியலில் முதலில் வரட்டும். அரசும் அவற்றையே முதலில் எடுத்துக்கொள்ளட்டும்.