சாட்சி கேட்ட அமைச்சரும் சாய்ந்து கிடக்கும் மரங்களும்

2018 ஜனவரியில் அன்றைய மத்திய மனிதவள இணை அமைச்சர் சத்யபால் சிங் ஓர் அரிய உண்மையை உலகுக்கு அருளினார்: டார்வின் கோட்பாடு தவறு; ஏனென்றால் குரங்கு மனிதனானதைப் பார்த்ததாக நம் முன்னோர் எவரும் சொன்னதுமில்லை, எழுதிவைத்ததுமில்லை. அடுத்த ஜனவரியில், ஜலந்தரில் நடந்த இந்திய அறிவியல் மாநாட்டில், ஆந்திரப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் நாகேஸ்வர ராவ் பள்ளிப் பிள்ளைகள் முன்னால், டார்வினைவிடத் தசாவதாரமே மேலான பரிணாமக் கோட்பாடு என்றார். இரண்டும் துணுக்குகளாக நறுக்கப்பட்டு, காலை வணக்கத்தோடு இன்றும் கைப்பேசிக்கு வருகின்றன. அனுப்புகிறவரும் பெரும்பாலும் ஒரே ஆசாமிதான். ஒரு துணுக்கு பரிணாமமே பொய் என்கிறது. மற்றது அது எங்கள் பாட்டன் சொத்து என்கிறது. இல்லாத நிலத்துக்கு எதற்கு ஐயா பட்டா?

முதல் வாதத்துக்கு வருவோம். சிங் சாமானியரல்ல, மும்பை மாநகரக் காவல் ஆணையராக இருந்தவர். கண்ணால் கண்ட சாட்சி இல்லை என்று எத்தனை கொலை வழக்குகளை அவர் மூடியிருப்பார்? தடயம் என்ற ஒன்றை அவருக்கு நாமா கற்றுத்தர வேண்டும்? மனிதனுக்கு 23 ஜோடி குரோமோசோம். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் 24. குறைகிற ஜோடி எங்கே என்று தேடினால், நம் இரண்டாம் குரோமோசோமின் நடுவே, முனைகளில் மட்டும் இருக்க வேண்டிய டி.என்.ஏ. வரிசை தழும்பாக நிற்கிறது: இரண்டு குரோமோசோம்கள் ஒட்டி ஒன்றான இடம் அது. போதாக்குறைக்கு, இன்றைய குரங்கு மனிதனாக மாறியது என்று எந்த உயிரியலாளரும் சொல்லவில்லை. இருவருக்கும் மூதாதை ஒன்று என்றுதான் சொன்னார்கள். குற்றப்பத்திரிகையில் குற்றமே தப்பு.

யாரும் பார்க்காததெல்லாம் நடக்காதது என்றால், அமைச்சர் ஒருமுறை திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையிலுள்ள திருவக்கரைக்கு வந்திருக்கலாம். 1940 முதல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை காத்துவரும் பூங்காவில், சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய அடிமரங்கள் கல்லாகிச் சாய்ந்து கிடக்கின்றன. குனிந்து பார்த்தால் கணு தெரியும், ஆண்டு வளையம் தெரியும். ஆனால் கிளையோ வேரோ ஒட்டியிருக்காது. அதனால்தான், இவை இங்கே வளர்ந்தவையல்ல, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துவந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள் நிலவியலாளர்கள். மரம் இருந்த இடத்தைச் சிலிக்கா நிரப்பியது. அந்த வெள்ளத்தைப் பார்த்துக் குறிப்பெழுத அன்று மனித இனமே கிடையாது. அதற்காக வெள்ளம் வரவில்லை என்பாரா? ஊரார் இவற்றை வக்கிராசுரனின் எலும்பு என்று கதை சொல்வார்கள். சொல்லட்டும், அவர்கள் அமைச்சரைவிட ஒரு படி மேல். கல்லைப் பார்த்து, இது ஒருகாலத்தில் உயிரோடிருந்தது என்று ஊகித்தவர்கள் அல்லவா?

துணைவேந்தரின் தசாவதாரம் கேட்க அழகாகத்தான் இருக்கிறது: மீன், ஆமை, பன்றி, நரசிம்மம், வாமனன், பிறகு முழு மனிதன். ஆமை நீர்நில வாழ்வியல்ல, ஊர்வன என்பதையும், பன்றிக்கும் மனிதனுக்கும் நடுவே சிங்கம் எப்படிப் புகுந்தது என்பதையும் பெரிய மனது பண்ணி விட்டுவிடுவோம். ஆறாம் அவதாரமான பரசுராமரும் ஏழாம் அவதாரமான ராமரும் நேருக்கு நேர் நின்றதை ராமாயணமே சொல்கிறதே! பலராமரை எட்டாவதாக எண்ணும் மரபில் அவர் கண்ணனுக்கு அண்ணன். அண்ணன் தம்பிக்கு நடுவில் எந்த உயிரினம் பரிணமித்தது? ஆழ்வார்கள் அவதாரத்தில் கண்டது இறைவனின் எளிமையை, உயிரியல் பாடத்தையல்ல. அவதாரங்களைப் பரிணாமமாக வாசிப்பதை அச்சில் பரப்பிய முன்னோடி, ரஷ்யப் பேரரசில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையார்; ஆண்டு 1877. டார்வினின் நூல் 1859லேயே வந்துவிட்டது. இவர்களின் சனாதனப் பழமைக்கு இவ்வளவுதான் வயது.

வடக்கே பார்த்துச் சிரிக்கும் நம்மவர்கள் சற்றுப் பொறுக்க. தொல்காப்பியர் மரபியலில் புல்லும் மரமும் ஓரறிவு, மக்கள் ஆறறிவு என்று வகுத்ததைக் காட்டி, டார்வினுக்கு முன்பே பரிணாமம் கண்ட தமிழன் என்று முழங்குகிறோமே, அது மட்டும் என்ன வாழ்கிறது? வகைப்பாடு வேறு, வம்சம் வேறு. 1735ல் உயிர்களை வகைப்படுத்திய லின்னேயஸ், எல்லாம் கடவுள் படைப்பு என்று நம்பிக்கொண்டேதான் அதைச் செய்தார். புலன்களை எண்ணி உயிர்களைப் பகுப்பது சமணர்க்கும் உண்டு. செஞ்சி அருகே திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கிய அந்த மரபு, அதிலிருந்து எடுத்தது கொல்லாமையை. தொல்காப்பியர் செய்ததே அவருக்குப் போதும். செய்யாததை அவர் தலையில் ஏற்றுவது, அவரைப் படிக்காதவர்கள் செலுத்தும் மரியாதை.

பிறகு எதற்கு இத்தனை பாடு? 2019 ஜூலையில் மக்களவையில், அதுவும் மனித உரிமைச் சட்டத் திருத்த விவாதத்தில், சிங்கே விடை தந்தார்: நாம் ரிஷிகளின் பிள்ளைகள். 2023ல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்பு நூலிலிருந்து பரிணாமப் பகுதியையே நீக்கியது. முன்னோர் கண்ட கோட்பாடு என்றால் பேரப்பிள்ளைகள் படித்தால் என்ன குறைந்துவிடும்? குறையும். ரிஷி கோத்திரம் எல்லார்க்கும் கிடையாது; பரிணாமம் தருகிற மூதாதையோ அமைச்சருக்கும் அவர் வாசலைப் பெருக்குகிறவருக்கும் ஒன்றே. ரிஷிமூலம் கேட்காதே என்பது பழமொழி. கேட்கக் கூடாத அந்த மூலத்தைக் காட்டித்தான், யாரும் கேட்டறியக் கூடிய மூலத்தை இவர்கள் பாடநூலிலிருந்து கிழிக்கிறார்கள்.