பலகையில் ஒட்டப்படும் முகவரி

அந்தரங்க உரிமைச் சட்டத்தைச் சிறப்புப் பாடமாக எடுக்கப் போகிறேன் என்றதும் சீனியர் அண்ணன் ஒருவர், "அது ஐடி கம்பெனிக்காரங்க சட்டம்மா. வன்கொடுமை வழக்கைப் படி, நம்ம சனத்துக்கு உதவும்" என்றார். அக்கறையில்தான் சொன்னார்.

ஆனால் 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. இணையர் தரும் அறிவிப்பைத் திருமண அலுவலர் தன் அலுவலகத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்ட வேண்டும். பிறகு 30 நாள் காத்திருப்பு. சாதி மறுத்து, மதம் மறுத்து வீட்டைவிட்டு வந்தவர்களை அரிவாளோடு தேடுகிற கூட்டத்துக்குப் பெயரையும் முகவரியையும் அரசே எழுதி ஒட்டுகிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். ஒட்டுவதா வேண்டாமா என்பது இணையரின் விருப்பம் என்று 2021இல் அலகாபாத் உயர்நீதிமன்றமும் சொன்னது. சட்டப் புத்தகத்தில் அந்தப் பிரிவு அப்படியேதான் இருக்கிறது.

ஸ்ரீகிருஷ்ணா குழுவின் 2018 தரவுப் பாதுகாப்பு வரைவில், கூடுதல் பாதுகாப்பு வேண்டிய விவரங்களில் சாதியும் ஒன்று. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அப்படியொரு வகையே இல்லை. இடஒதுக்கீட்டுக்கு என் சாதியை நானே சொல்வேன், அது என் உரிமை. வீடு வாடகைக்குக் கேட்டால் "சொந்த ஊர் எது, எந்தத் தெரு?" என்று தோண்டுகிறார்களே, அது வேறு.

விருப்பப் பாடப் படிவத்தை நேற்றுக் கொடுத்துவிட்டேன்.