கணக்கில் வராத உயிர்கள்

பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையின் கதை நமக்குப் புதிதல்ல. அதன் வாயில் இரத்தத்தைக் கண்ட தாய், தன் பிள்ளையைக் கடித்துவிட்டதாக எண்ணி அதை அடித்துக் கொன்றாள். சிலப்பதிகாரமும் கீரியைக் கொன்ற பெண்ணைக் குறிப்பிடுகிறது. அந்த அவசரம் இன்னும் நம்மைவிட்டு நீங்கவில்லை.

2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 306 புலிகள் இருப்பதாக மதிப்பிடப்பட்டது. கீரி, மரநாய், புனுகுப்பூனை, காட்டுப்பூனை ஆகியவற்றுக்கு அத்தகைய எண்ணிக்கை நம்மிடம் இல்லை. இவை அடர்காட்டில் மட்டும் வாழ்பவை அல்ல. திருவண்ணாமலை போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள வயல்வெளி, ஏரிக்கரை, முட்புதர் ஆகியவையே இவற்றுக்கு ஏற்ற வாழிடங்கள். கீரியும் காட்டுப்பூனையும் எலிகளைத் தின்று உழவருக்கு உதவுகின்றன. மரநாய் பழங்களைத் தின்று விதைகளைப் பரப்புகிறது.

ஓவியம் தீட்டும் பிரஷ்களுக்காகக் கீரிகள் கொல்லப்படுகின்றன. ஒரு கிலோ முடிக்கு ஏறத்தாழ 50 கீரிகள் பலியாகின்றன. 2019இல் வனவிலங்குக் குற்றக் கட்டுப்பாட்டுப் பணியகம் இவ்வணிகத்திற்கு எதிராக நாடு தழுவிய சோதனை நடத்தியது. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், கீரியைப் புலியோடு முதல் அட்டவணையில் சேர்த்துள்ளது. கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

சட்டம் விலங்கைக் காக்கிறது. ஆனால் பட்டா நிலத்தில் அது ஒளிந்து வாழும் புதரைக் காப்பது யார்? 2016இல் கிரிவலப் பாதையை அகலப்படுத்த மரங்கள் வெட்டப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தலையிட்டது. மரத்திற்காகக் குரல் கொடுக்க ஆள் இருக்கிறார்கள். புதரையோ நாம் குப்பை என்கிறோம். மனை பிரிக்கும்போது முதலில் அழிவது அதுதான்.

கண்ணில் அதிகம் படாத உயிரினங்களும் இயற்கையின் சமநிலைக்கு இன்றியமையாதவை என்பதைத் திருத்தந்தை பிரான்சிஸ் தமது 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலில் நினைவூட்டினார். இதை நாம் எங்கே தொடங்கலாம்? நம் பிள்ளைகளுக்குப் பிரஷ் வாங்கும்போது செயற்கை இழையால் ஆனதைக் கேட்டு வாங்குவோம். கூரைக்குள் மரநாய் வந்தால் விஷம் வைக்காமல் வனத்துறைக்குத் தெரிவிப்போம். கல்லறைத் திருநாளுக்காகக் கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்யும்போது, எல்லாவற்றையும் எரித்துவிடாமல் வேலியோரப் புதரையாவது விட்டுவைப்போம்.

நமக்கு அது வெறும் முட்செடி. ஓர் உயிருக்கோ அதுவே வீடு. வெட்டும் முன் சற்றே சிந்திப்போம்.