சக்தி அழியாதென்றால் சேமிப்பது ஏன்?

தனிமைப்படுத்தப்பட்ட தொகுதியொன்றின் மொத்தச் சக்தி மாறாது என்கிறது சக்திக் காப்பு விதி. அப்படியானால் சக்தியைச் சேமிக்கச் சொல்வது ஏன் என்று பொதுவாசகர் கேட்பது நியாயமே. அந்த விதியில் மட்டும் இதற்கு விடை கிடையாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியும் வேண்டும். அடிப்படை விதிகளைத் தனித்தனி அத்தியாயங்களாக எழுதும் வழக்கத்தில் இந்தத் தொடர்பே விடுபட்டுப் போகிறது.

ஒன்ராறியோவின் அஜக்ஸ் நகர வாசகருக்கு அந்தத் தொடர்பைக் காட்ட, நகரின் மேற்கே 1971இல் மின்னாக்கத் தொடங்கிய பிக்கரிங் அணுமின் நிலையம் போதும். அதன் உலைகளுக்கு எரிபொருள் இயற்கை யுரேனியம்; நியூத்திரன்களின் வேகத்தைக் குறைப்பது கனநீர். ஒரு யுரேனியக் கரு பிளக்கும்போது திணிவு சற்றுக் குறைகிறது. ஐன்ஸ்டைன் 1905இல் தந்த சமன்பாட்டின்படி, அந்தக் குறைவுக்கு ஈடாகச் சுமார் 200 மில்லியன் இலத்திரன்வோல்ற்று சக்தி வெளிப்படுகிறது.

உலையின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே மின்னாகிறது. மீதியில் பெரும்பகுதி ஒன்ராறியோ ஏரியைச் சேர்கிறது. இதை இயந்திரத்தின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. நீராவிக்கும் ஏரிக்கும் உள்ள வெப்பநிலைகளே உச்ச வரம்பை விதிக்கின்றன என்பது கார்னோ 1824இல் காட்டிய முடிவு; இரண்டாம் விதி நுழைவது இங்குதான். ஏரியில் கலந்த வெப்பம் அழியவில்லை. வேலை செய்யும் தகுதியைப் பெரும்பாலும் இழந்துவிட்டது. சேமிக்க வேண்டியது அந்தத் தகுதியை.

காப்பு விதியைச் சோதித்த ஒரு புதிரும் இந்த உலையில் உண்டு. பிளவுச் சக்தியில் ஏறக்குறைய 5 சதவீதம் உலையைச் சூடாக்காமலே வெளியேறுகிறது. அதைக் கொண்டுசெல்பவை, பிளவுத் துண்டுகளின் பீற்றாச் சிதைவில் பிறக்கும் எதிர்நியூத்திரினோக்கள் என்னும் துகள்கள். அச்சிதைவில் சக்திக் கணக்கு உதைத்தபோது, காப்பு விதியையே கைவிடலாமா என்று பௌதிகவியலாளர் நீல்ஸ் போர் யோசித்தார். பவுலி 1930இல், கண்ணுக்குப் படாத துகளொன்று மிச்சத்தை எடுத்துச் செல்வதாகக் கருதினார். 1956இல் அமெரிக்க அணு உலையொன்றின் அருகே ரெயின்ஸ், கோவன் இருவரும் அதைக் கண்டறிந்தனர்.

ஆகவே விதியொன்றை எழுதுவோர் அதன் கூற்றோடு நின்றுவிடக் கூடாது. அது எங்கு பொருந்தும், எந்த விதியோடு சேர்ந்து இயங்கும், எந்தச் சோதனையில் தோற்றிருக்கக்கூடும் என்பவற்றையும் சொல்ல வேண்டும். இடம் போதாதென்றால் சூத்திரத்தைக் குறைக்கலாம், சோதனையைக் குறைக்கலாகாது.