கிளுவை வேலி நாயை நிறுத்தாது

கேள்வி: தோட்டத்து வீட்டில் ஒரு நாய் வளர்க்கிறோம். பகலில் கட்டிப்போட்டு, ராத்திரி அவிழ்த்து விடுவோம். பக்கத்துத் தோட்டத்துப் பட்டியில் மூன்று ஆடுகளைக் கடித்துக் கொன்றது எங்கள் நாய்தான் என்கிறார்கள். சுற்றிலும் கிளுவை வேலி இருக்கிறது. அதில் கம்பி இழுத்து கரன்ட் கொடுக்கலாமா?
- காங்கேயம் வட்டார வாசகர்

பதில்: கரன்ட் கூடவே கூடாது. வீட்டு இணைப்பிலிருந்தோ, பம்ப்செட் இணைப்பிலிருந்தோ வேலிக் கம்பிக்கு நேரடியாக மின்சாரம் கொடுப்பது சட்டப்படி குற்றம். 230 வோல்ட் நாயை மட்டும் பார்த்துத் தாக்காது. விடியற்காலையில் பால் கறக்க வருகிறவரும் அதே கம்பியில்தான் கை வைப்பார். விட்டு விட்டு அதிர்வு தரும் சோலார் வேலி வேறு வகை. ஒரு நாய்க்காக அந்தச் செலவு தேவையில்லை.

கிளுவை நல்ல வேலிதான். கொறங்காட்டு மேய்ச்சல் நிலங்களில் தலைமுறை தலைமுறையாக மாட்டையும் ஆட்டையும் உள்ளே வைத்திருப்பது அதுதான். ஆனால், அது மாட்டின் நெஞ்சு உயரத்தில் தடுக்கும் வேலி. நாய் தரையோடு பார்க்கும். அடித்தூர்களுக்கு நடுவே தலை நுழைகிற சந்து கிடைத்தால் போதும், உடம்பைச் சுருக்கி வெளியே போய்விடும். ஆகவே தோட்டம் முழுவதும் வேலி போடுவதை விட்டுவிட்டு, வீட்டை ஒட்டி நாய்க்கென்று ஓர் அடைப்பு கட்டுவதே சரி.

20 அடி நீளம், 15 அடி அகலம் ஒரு நாய்க்குத் தாராளம். சுற்றளவு 70 அடி. ஏழு அடிக்கு ஒன்றாக 10 கல்தூண் வேண்டும். ஏழு அடித் தூணில் இரண்டு அடி மண்ணுக்குள் போனால், ஐந்து அடி உயரச் சங்கிலி வலைக்குச் சரியாக இருக்கும். நாய் எப்போதும் வலையின் அடியை ஒட்டித்தான் பறிக்கும். அதனால் உள்பக்கமாக இரண்டு அடி அகலத்துக்கு இன்னொரு வலையைத் தரையில் விரித்து, வேலி வலையோடு கம்பியால் கட்டி, மேலே கல்லும் மண்ணும் போட்டு மூடிவிடுங்கள். பறிக்கும் கால் வலையில் தட்டும். நாலு நாளில் விட்டுவிடும். முள்கம்பி வேண்டாம், தோலைக் கிழிக்கும்.

பெரும்பாலும் கோட்டை விடுவது கதவில்தான். கதவுக்கு அடியில் ஒரு பட்டியல் கல் பதித்து, இடைவெளி இரண்டு விரலுக்கு மேல் போகாமல் பார்க்க வேண்டும். சும்மா மாட்டும் கொண்டியை நாய் மூக்காலேயே தூக்கிவிடும், ஆணி செருகும் கொண்டியாக இருக்கட்டும். விறகுக் கட்டு, உரல் போன்றவற்றை வலையை ஒட்டிப் போட்டால் நாமே படி கட்டிக் கொடுத்தது போலாகும். உள்ளே நிழலும் தண்ணீரும் கட்டாயம்.

இப்போதைக்குக் கையில் பணம் இல்லை என்றால், இரண்டு மரங்களுக்கு இடையே உயரத்தில் கம்பி இழுத்து, வளையத்தில் சங்கிலியை ஓடவிடலாம். அருகில் கிணறோ, தாண்டித் தொங்கிவிடக்கூடிய சுவரோ இருக்கக் கூடாது. குட்டைச் சங்கிலியில் நாளெல்லாம் கட்டிவைப்பதும், அப்படிக் கட்டிய நாயை நடக்க விடாமல் இருப்பதும் 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தில் குற்றமாகவே சொல்லப்பட்டிருக்கின்றன.

உண்மையில் கோளாறு வேலியில் மட்டும் இல்லை. பகலெல்லாம் கட்டுண்டு கிடந்த நாய், அவிழ்த்ததும் ஓடத்தான் செய்யும். வெளியே இரண்டு மூன்று நாய்களோடு சேர்ந்துவிட்டால், வீட்டில் குழந்தையோடு விளையாடுகிற நாயும் பட்டிக்குள் ஆட்டைத் துரத்தும். ‘அவிழ்த்து விடாவிட்டால் காவல் எப்படி?’ என்று கேட்பார்கள். அடைப்புக்குள் இருந்தாலும் ஆள் வந்தால் குரைக்கும், காவலுக்கு அது போதும். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்து நடத்திவிட்டு, ராத்திரிச் சோற்றை அடைப்புக்குள்ளேயே வையுங்கள். கடுவன் என்றால், கால்நடை மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை செய்துவிட்டால் ஊர் சுற்றுவது பெரும்பாலும் குறையும். வெறிநாய்க்கடித் தடுப்பூசியை ஆண்டுதோறும் போட்டு, அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

அந்த அட்டையை முதலில் பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் காட்டுங்கள். அவர் பட்டியில் கடிபட்டுப் பிழைத்த ஆடு இருந்தால், எந்த நாய் கடித்தது என்ற பேச்சு முடியும்வரை காத்திருக்க வேண்டாம். காயத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். கழுவுகிறவர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. தாமதிக்காமல் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், கடித்த பிறகு போடும் தடுப்பூசித் தொடரை மருத்துவர் தொடங்குவார். நாள் தவறாமல் முழுத் தொடரையும் போட வேண்டும்.