எல்லாத்துக்கும் மூலம்னு பேர் வைக்காதீங்க

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு, 'இதையெல்லாமா எழுதறது'ன்னு தள்ளிப்போட்ட விஷயம். அதே கூச்சம்தான் எங்க மாமாவைக் கொண்டுபோச்சு. அதனால் எழுதிவிடுகிறேன். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் கை கழுவிவிட்டு வரவும் :-)

மாமாவுக்கு அப்போ 52 வயசு. மலத்தில் ரத்தம் போயிருக்கு. மனுஷன் யார்கிட்டயும் மூச்சு விடலை. விஷயம் தெரிஞ்சதும் நாங்க எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "மூலமாத்தான் இருக்கும், சூடு." துத்தி இலையை வதக்கிச் சாப்பிட்டார். வாரம் தவறாமல் கருணைக்கிழங்கு. பஸ் ஸ்டாண்டு சுவரில் 'மூலம், பௌத்திரம்' என்று எழுதியிருந்த இடத்துக்கும் போய் வந்தார். ஒன்றரை வருஷம் இப்படியே ஓடியது. எடை குறைந்தபோது "சுகரா இருக்கும்" என்றோம். கடைசியில் கொலனோஸ்கோப்பி செய்து பார்த்தால் பெருங்குடலில் புற்றுநோய், கல்லீரல் வரை பரவியிருந்தது. அடுத்த தீபாவளிக்கு மாமா இல்லை.

ரத்தம் போனாலே கேன்சர்னு பயமுறுத்தலீங்க. பெரும்பாலும் மூலமாகவே இருக்கும். ஆனா அதைச் சோதிச்சுச் சொல்ல வேண்டியது டாக்டர், பக்கத்து வீட்டு அத்தை இல்லை.

இன்னொரு கொடுமை, இது அவகாசம் கொடுக்கிற நோய். குடலின் உள்சுவரில் பாலிப் என்று சின்னதாக ஒரு சதை வளரும். அதில் சிலதுதான் புற்றாக மாறும், அதற்கும் பெரும்பாலும் பத்து வருஷம் போல ஆகும். அதற்குள் கொலனோஸ்கோப்பியில் பார்த்துவிட்டால் அப்போதே வெட்டி எடுத்துவிடலாம். முதல் நாள் பேதி மருந்து குடிப்பதுதான் கஷ்டம். மற்றதெல்லாம் மயக்கத்திலேயே முடிந்துவிடும். அது வேண்டாமென்றால், கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் மலப் பரிசோதனை இருக்கு, வருஷம் ஒருமுறை. அதில் ஏதாவது தெரிந்தால் கொலனோஸ்கோப்பி செய்தே ஆகணும்.

'பிளாக் பாந்தர்' நடிகர் சாட்விக் போஸ்மேனுக்கு 2016ல் கண்டுபிடித்தபோதே மூன்றாம் கட்டம். 2020ல் இறந்தபோது வயசு 43. அமெரிக்காவில் 2021ல் பரிசோதனை தொடங்கும் வயதை 50லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். நம்ம நாட்டு அரசுத் திட்டத்தில் பார்ப்பது முக்கியமாக வாய், மார்பகம், கருப்பை வாய்ப் புற்றுநோய்கள். குடலுக்கு யாரும் வீடு தேடி வரமாட்டாங்க, நாமதான் கேட்கணும்.

அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு வந்திருந்தால் 40லேயே, இல்லேன்னா அவருக்கு வந்த வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடியே பார்க்கணும், இரண்டில் எது முந்தியோ அது. மாமா கூடப்பிறந்தவர் என்பதால் அம்மாவைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப்போனேன். இரண்டு பாலிப் இருந்தது, எடுத்தாச்சு.

மாமா பையனுக்கு 41. "எனக்கு ஒண்ணும் இல்லையே மாப்ள, நல்லாத்தானே இருக்கேன்" என்கிறான். நல்லா இருக்கும்போது பார்க்கிறதுக்குப் பேர்தான்டா பரிசோதனை. உன் அப்பா நல்லா இல்லாதப்பதான் போனார்.

மச்சான், இதைப் படிச்சா போன் பண்ணு. நானே கூட்டிட்டுப் போறேன்.